வாலடித் துடிப்பு

ஜனவரி 29, புதன்

வந்து சேர்ந்தாயிற்று. கோயம்புத்தூரில் விமானம் ஏறி, நடுவில் ஒரு பாலைவன ஊரில் ஒன்பது மணி நேரம் குந்தியிருந்து, பல்கேரியாவின் சோபியாவில் இறங்கி, பஸ் பிடித்து, கடைசியில் முதலாளி ஸ்தோயனின் ஜீப்பில் பண்ணைக்கு வந்தபோது கால் இரண்டும் மரத்துப்போயிருந்தன. இங்கே பனி முழங்காலுக்கு நிற்கிறது. ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு வந்தால் இந்தக் குளிர் முதல் தடவை போலவே அடிக்கிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்தோயனின் மனைவி ராய்னா ஒரு படிவத்தை நீட்டினார். வருகிறவன் போகிறவன் எல்லாரும் எழுதித் தர வேண்டுமாம். கடந்த இருபத்தொரு நாளில் வேறு நாட்டில் கால்நடைகளோடு தொடர்பு இருந்ததா? இருந்தால் மூன்று வாரம் தொழுவத்துக்குள் விடமாட்டார்கள். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு பண்ணையில் வேலை பார்த்தாயா என்றுதானே கேட்கிறார்கள்! வீட்டில் ஒற்றை மாடு நிற்பதையும், மாட்டுப் பொங்கலுக்கு அதைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்ததையும் தொடர்பு என்று எவனாவது எழுதுவானா? அப்படிப் பார்த்தால் எங்கள் தாராபுரம் தாலுகாவில் ஒருத்தரும் விமானம் ஏற முடியாது.

பையைப் பிரித்தால் தலைத்துண்டு மேலே கிடந்தது. கிளம்புகிற அன்று காலையில் எங்கள் மாடு செவலைக்கு வாய் கழுவித் துடைத்த துண்டு. ஈரத்தோடு பாலித்தீன் பையில் சுருட்டி என் மனைவி கோகிலா வைத்துவிட்டாள். மூக்கில் வைத்தால் சாணமும் எங்கள் வீட்டு அடுப்புப் புகையும் சேர்ந்து மணக்கிறது. துவைக்க மனசு வரவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

அறுபத்து நான்கு மாடுகளும் இருக்கின்றன. ஸ்வெஸ்தா என்னைக் கண்டதும் கழுத்தை நீட்டியது. நெற்றியில் வெள்ளைச் சுட்டி உள்ள கறுப்பு மாடு. ஸ்வெஸ்தா என்றால் இவர்கள் பாஷையில் நட்சத்திரம். நான் ‘சுட்டி’ என்றுதான் கூப்பிடுவேன். எட்டு மாசச் சினை. மார்ச்சில் கன்று.

கறவை யந்திரத்தில் மூன்றாவது பல்சேட்டர் மக்கர். காம்பில் மாட்டுகிற ரப்பர் குழல் நிமிடத்துக்கு அறுபது தடவை சுருங்கி விரிய வேண்டும், அப்போதுதான் கன்று ஊட்டுவது போல் பால் இறங்கும். அதைச் செய்கிற டப்பாதான் பல்சேட்டர். கழற்றிக் கழுவி மாட்டினேன். குழலுக்குள் பெருவிரலை விட்டுப் பார்த்தால் கவ்விக் கவ்வி விடுகிறது. சரியாகிவிட்டது.

யந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இடப்பக்கம் இங்கிலீஷும் வலப்பக்கம் பல்கேரியனும் இருக்கும். நான் இந்த பாஷை படித்ததே அதை வைத்துத்தான். கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல். ‘பல்சேட்’ என்ற இங்கிலீஷ் வினைக்கு நேரே ‘புல்சிராம்’ என்று போட்டிருக்கிறான். இவர்கள் வினைச்சொல்லை ‘நான்’ வைத்துத்தான் பட்டியல் போடுவார்கள். அதனால் அதற்கு அர்த்தம் ‘துடிக்கிறேன்’. மாடோ யந்திரமோ துடித்தால் ‘புல்சிரா’. ஒன்றரை வருடத்தில் இந்த மாதிரி முந்நூறு வார்த்தை சேர்த்திருக்கிறேன். தொழுவத்துக்கு அது போதும்.

பிப்ரவரி 3, திங்கள்

மடி துடைக்கிற காகிதச் சுருள் தீர்ந்துவிட்டது. ஸ்தோயன் நாளைக்கு வாங்கி வருகிறாராம். இன்றைக்கு ஒரு வேளைக்குத் தலைத்துண்டால் சமாளித்தேன். சுட்டி துண்டின் முனையைக் கவ்விச் சப்பிக்கொண்டே நின்றது, விடவே இல்லை. உப்புக் கரித்திருக்கும்.

பக்கத்து வீட்டு மிட்கோ பனியில் வழுக்கி இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. ஒண்டிக்கட்டை, வயது அறுபத்திரண்டு. பெண்சாதி இல்லை, ஒரு மகள் ஸ்பெயினில். இருப்பது பெல்கா என்று ஒரு மாடும், போன மாதம் எங்கிருந்தோ வாங்கி வந்த ஒரு கன்றும்தான். மூத்த ஆளைப் பெயரோடு ‘பை’ சேர்த்துக் கூப்பிட வேண்டும், நாம் அண்ணன் என்கிற மாதிரி. பை மிட்கோ வேலியோரம் நின்று கட்டுப்போட்ட கையைக் காட்டினார். கேட்கவில்லை, காட்டினார், அவ்வளவுதான். நான் கறந்து தருகிறேன் என்றேன். என் பெயர் நாச்சிமுத்து இவர்கள் வாயில் நுழையாது. நாச்கோ, நாச்கோ என்று தோளில் தட்டினார். சாயங்காலம் போய்க் கையாலேயே கறந்தேன். பெல்கா நல்ல மாடு, கால் தூக்குவதில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

சுட்டி காலையில் தீவனம் எடுக்கவில்லை. வாயோரம் நுரை. சப்பு சப்பு என்று கொட்டுகிறது. காதைத் தொட்டால் சுடுகிறது.

வாயைப் பிளந்து பார்த்தேன். நாக்கில் கொப்புளம், கட்டைவிரல் அகலம். முன்னங்கால் குளம்பு நடுவிலும் ஒன்று.

மாடு வைத்திருப்பவனுக்கு இது என்னவென்று புத்தகம் சொல்லித் தர வேண்டியதில்லை. கோமாரி. ஊரில் வருடா வருடம் ஏதாவது ஒரு தெருவில் வரும். பத்துப் பதினைந்து நாள் மாடு படுத்துக்கிடக்கும், பால் குறையும், அப்புறம் எழுந்து தின்னும். இதற்காக ஸ்தோயன் வயிற்றில் நெருப்பைக் கட்டிவிட வேண்டுமா? இந்த ஆள் ஒரு மாடு தும்மினாலே மூன்று பேருக்கு ஃபோன் போடுவார். பல்லில் ஏதோ குத்தியிருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மாட்டு விஷயத்தில் அவருக்கு என் மேல் முழு நம்பிக்கை. ‘டொப்ரே, நாச்கோ’, சரி என்று போய்விட்டார்.

சுட்டியைக் கடைசிக் கட்டுத்தறிக்கு மாற்றினேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் தூள், மிளகு, சீரகம், கடையில் வாங்கின பூண்டு. வெல்லம் கிடையாது, ராய்னாவிடம் தேன் வாங்கிக்கொண்டேன். எல்லாம் சேர்த்து அரைத்து நாக்கில் மேலும் கீழும் தடவினேன். வாழைப்பழத்தை எண்ணெயில் முக்கி உள்ளே தள்ளினேன். நல்லெண்ணெய்க்கு எங்கே போவது, சூரியகாந்திதான். குளம்பை உப்புத் தண்ணீரில் கழுவினேன். சுட்டி என் கையை மெல்ல மென்றுகொண்டு நின்றது.

சாயங்காலம் பெல்காவைக் கறந்துவிட்டு வந்தபோது கோகிலா ஃபோனில் கூப்பிட்டாள். “ஏனுங்க, நம்ம செவலை தேறிருச்சுங்க. நேத்திலிருந்து சோளத்தட்டு நல்லாக் கடிக்குதுங்க. கால் மட்டும் இன்னும் கொஞ்சம் நொண்டுது” என்றாள்.

பார்த்தாயா, அவ்வளவுதான் கோமாரி. மனசு லேசாகிவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

சுட்டி இன்று ஊறவைத்த தவிடு குடித்தது! எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். என் அப்பன் ஒரு நாளில் பதினோரு மாட்டுக்கு இந்த வைத்தியம் பார்த்திருக்கிறார்.

வடக்கு வரிசையில் இன்னும் இரண்டு மாடு வாயைச் சப்புகிறது. மஞ்சள் போதாது போலிருக்கிறது.

பிப்ரவரி 10, திங்கள்

ஐந்து மாடு. பால் எண்பது லிட்டர் குறைவு. குளிருக்கு என்று ஸ்தோயனிடம் சொன்னேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் பை மிட்கோ ஒற்றைக் கையோடு ஓடி வந்தார். பெல்கா வாயில் நுரை ஒழுகுகிறது, எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஸ்தோயனையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். ஸ்தோயன் பெல்காவின் வாயைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். திரும்பிப் போய் எங்கள் தொழுவத்தில் ஒவ்வொரு மாட்டின் வாயையும் அவரே பிளந்து பார்க்க ஆரம்பித்தார். ஒன்பதாவது மாட்டோடு நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

அரசாங்க மாட்டு டாக்டர் வந்தார். பெயர் தெசிஸ்லாவா, என் வயதுதான் இருக்கும், இங்கிலீஷ் பேசுகிறார். வெள்ளை உடுப்பும் இரட்டைக் கையுறையும் போட்டுக்கொண்டு நேரே சுட்டியிடம் போனார். மற்றதெல்லாம் வரிசையில் நிற்க, அது மட்டும் ஏன் தனியாக நிற்கிறது என்று கேட்டார். சினை மாடு, அதனால் என்றேன்.

மாட்டுக்கு நாடி பார்க்கிற இடம் வாலின் அடிப்பக்கம் என்று எனக்கு இத்தனை வருடம் தெரியாது. நாங்கள் காதைத் தொட்டுக் காய்ச்சல் பார்ப்பவர்கள். அவர் வாலைத் தூக்கி, மேலிருந்து ஒரு சாண் தள்ளி, அடியில் இரண்டு விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். “புல்சிரா?” என்று கேட்டார். புத்தகத்தில் படித்த வார்த்தை! பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி “புல்சிரா, புல்சிரா” என்றேன். தோலுக்கு அடியில் ஒரு புழு நெளிவது போல, திக் திக் என்று, அத்தனை தெளிவாக இருக்கிறது. நிமிடத்துக்குத் தொண்ணூற்றிரண்டு. காய்ச்சல் இருக்கிறது என்றார்.

அப்புறம் கேட்டார், “இந்தக் கொப்புளத்தை நீ முதல்ல எப்ப பாத்தே?”

ஸ்தோயன் பக்கத்தில் நின்றார். ராய்னா கதவோரம் நின்றார்.

நேற்று என்றேன்.

டாக்டர் சுட்டியின் நாக்கை மறுபடி வெளியே இழுத்துப் பார்த்தார். மஞ்சள் ஏறிப் புண் எல்லாம் பழுப்பாக இருந்தது. எத்தனை நாள் புண் என்று சொல்ல முடியவில்லை என்று எழுதிக்கொண்டார். பிறகு மிட்கோ வீட்டுக்குப் போனார்கள். பெல்காவின் புண்ணில் மஞ்சள் இல்லை. இரண்டு நாள், மூன்று நாள் என்று பார்த்ததுமே சொல்லிவிட்டாராம். ‘நேற்று’ என்று நான் சொன்னதால் பெல்காவுக்குத்தான் முதலில் வந்தது என்று ஆகிவிட்டது. இது எனக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

இந்த நோய்க்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஷாப்’. அந்த வார்த்தையைச் சொல்லும்போது ராய்னா சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு மாட்டு வியாதிக்கு எதற்கு சாமி கும்பிட வேண்டும்?

பிப்ரவரி 15, சனி

எதற்கு என்று தெரிந்துவிட்டது. ஷாப் தான் என்று சோபியாவிலிருந்து முடிவு வந்தது. இந்தத் தொழுவத்தில் உள்ள அறுபத்து நான்கையும் கொல்கிறார்கள். நோய் வந்ததையும் வராததையும். பெல்காவையும் அந்தக் கன்றையும். மூன்று கிலோமீட்டருக்குள் குளம்பு உள்ள எல்லாவற்றையும். கீழத்தெரு ஆடுகள் உட்பட.

டாக்டர் பின்னாலேயே நடந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாவற்றையும் கொட்டினேன். இது சாகிற நோய் இல்லை, எங்கள் ஊரில் எந்த மாட்டையும் இதற்காகக் கொல்வதில்லை, பத்து நாள் கொடுங்கள், சுட்டி தவிடு குடிக்கிறது வந்து பாருங்கள் என்றேன். அந்த அம்மாள் பொறுமையாகத்தான் கேட்டார்.

“எனக்குத் தெரியும், அது பொழைச்சுக்கும்” என்றார். “ஆனா இந்த நாட்டுல இந்த நோய் இல்ல. இல்லாம இருக்கணும்னா இதுதான் வழி. நீ முதல் நாளே சொல்லியிருந்தா, இந்த ஒரு தொழுவத்தோட நின்னிருக்கும்னு வை. இப்ப என்ன பண்றது.”

நீ என்று அவர் பொதுவாகத்தான் சொன்னார். ஊர்க்காரர் எல்லாரையும் சேர்த்துச் சொன்னார்.

பிப்ரவரி 17, திங்கள்

கொல்லப்போகிற மாட்டுக்கு மூன்று வேளையும் தீவனம் போடுகிறோம். ராய்னா நல்ல வைக்கோலாக எடுத்துப் போடச் சொன்னார். மிச்சம் வைத்து யாருக்கு?

குளிர்காயக் கொட்டகைக்குப் பின்னால் டின்னில் தீ மூட்டினேன். பழைய சாக்கு, கிழிந்த கையுறை, தலைத்துண்டு. துண்டு நைந்துபோய்விட்டது, வைத்து என்ன செய்ய. பருத்தி என்பதால் சீக்கிரம் எரிந்துவிட்டது.

கோகிலா இரண்டு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

பிப்ரவரி 19, புதன்

எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது.

காலை ஐந்து மணிக்கு ஸ்தோயன் வந்து, கறந்துவிடலாம் என்றார். இனி இந்தப் பாலை யாரும் குடிக்கப்போவதில்லை. இருந்தாலும் மடி கனத்து நிற்கக் கூடாது, அந்த வலியோடு போகக் கூடாது என்றார். அறுபத்து நான்கில் கறவையில் உள்ள ஐம்பத்தொன்றையும் கறந்தோம். பாலைச் சுண்ணாம்புக் குழியில் ஊற்றினேன். வெள்ளையில் வெள்ளை, போன இடம் தெரியவில்லை.

எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மாடுகளுக்கு அவர்களைத் தெரியாது, மிரண்டன. அதனால் நான் ஒவ்வொன்றாகக் கயிற்றைப் பிடித்துக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். டாக்டர் முதலில் மயக்க ஊசி போடுவார், மாடு படுக்கும். அப்புறம் கழுத்து நரம்பில் இன்னொன்று. நான் பின்னால் குந்தி வாலடியில் விரல் வைத்திருக்க வேண்டும். அவர் கேட்பார், “புல்சிரா?” நான் சொல்வேன், “புல்சிரா.” மறுபடி கேட்பார். விரலுக்கடியில் அது தடுமாறும், நிற்கும், இன்னொரு தடவை வரும், அப்புறம் வராது. “நே புல்சிரா.” அவர் காதில் மாட்டிய குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுவிட்டு முதுகில் சிவப்புக் கோடு போடுவார். அடுத்தது.

கறவைக் கூடத்தில் யந்திரத்தை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பால் குழல் காலியாகத் தொங்க, பல்சேட்டர் மட்டும் டிக் டிக் என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்கு மேல் விரலில் இருப்பது எது, காதில் இருப்பது எது என்று எனக்குப் பிரியவில்லை. இரண்டு தடவை தப்பாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் மறுபடி குழாயை வைத்துக் கேட்டுவிட்டுக் கோடு போட்டார்.

சுட்டியைக் கடைசிக்கு வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகத்தான். கயிறு வேண்டியிருக்கவில்லை, பின்னாலேயே வந்தது. வாய்ப்புண் நன்றாக ஆறியிருந்தது. என் சட்டைப் பைக்குள் மூக்கை விட்டு வாழைப்பழம் தேடியது.

படுத்துவிட்டது. ஊசி போட்டாயிற்று. வலது கை விரல் வாலடியில். இடது கையை அதன் விலாவில் ஊன்றியிருந்தேன். “புல்சிரா?” “புல்சிரா.” “புல்சிரா?” நின்றுவிட்டது. “நே புல்சிரா” என்று சொல்லப் போகையில் இடது கைக்கு அடியில் ஒரு உதை. இன்னொரு உதை. வயிற்றுக்குள் கன்று புரள்கிறது.

“புல்சிரா!” என்று கத்தினேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லையே என்றார். அவர் கையை இழுத்து விலாவில் வைத்தேன். வைத்தவர் எடுக்கவில்லை. அவர் முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது.

“எடுத்துருங்க. கத்தி வெச்சு எடுத்துருங்க, உசுரோட இருக்கு” என்று தமிழிலேயே சொன்னேன்.

அவருக்குப் புரிந்துதான் இருக்கும். “எடுத்தாலும் அதையும் நான் கொல்லணும்” என்றார். “உள்ள சூடா இருக்கு. அங்கயே போகட்டும். நீ வெளில போ.”

போகவில்லை. பத்து நிமிடம் இருக்கும். உதை சின்னதாகி, ஒரு நடுக்கமாகி, அப்புறம் ஒன்றுமில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சிவப்புக் கோடு போட்டார்.

யந்திரத்தை நான் போய் நிறுத்தினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

தொழுவத்தைக் கழுவினோம்.

பிப்ரவரி 24, திங்கள்

விசாரணைக்கு இரண்டு பேர் வந்தார்கள். நோய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். லாரி, தீவனம், செருப்பு, எல்லாம் கேட்டார்கள். என் படிவத்தை எடுத்துப் பார்த்தார்கள். ‘இல்லை’ என்று இருந்தது, திருப்பி வைத்துவிட்டார்கள். இந்தியாவில் வீட்டில் மாடு உண்டா என்று ஒருவர் வாய்வார்த்தையாகக் கேட்டார். ஒன்று உண்டு, என் மனைவி பார்த்துக்கொள்கிறாள் என்றேன். அதுவும் உண்மைதானே. அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

பை மிட்கோவிடம் போனதும் அவர்கள் வேலை முடிந்துவிட்டது. போன மாதம் வாங்கின கன்றுக்குக் காதுப்பட்டையும் இல்லை, காகிதமும் இல்லை. சந்தையில் யாரோ ஒருவனிடம் வாங்கினாராம், பெயர் தெரியாதாம். பெல்காவுக்கு முதலில் வந்திருக்கிறது, வீட்டில் திருட்டுக் கன்று நிற்கிறது, வேறென்ன வேண்டும்? எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கீழத்தெருவில் பத்து ஆடு போன ஒருவன் மிட்கோ வீட்டு வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனதை என் கண்ணால் பார்த்தேன். ஸ்தோயனும் அவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். இன்று ஸ்தோயன் வேலியோரம் பலகை அடித்துக்கொண்டிருந்தார், அந்தப் பக்கம் தெரியாதபடி. ஆணியை எடுத்துக் கொடுத்தது நான்.

மார்ச் 1, சனி

இன்று இவர்களுக்குப் பண்டிகை. சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை ஆளுக்காள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள், கன்றுக்குட்டி கழுத்திலும் கட்டுவார்கள். கன்றுகளுக்கு என்று ராய்னா ஜனவரியிலேயே வாங்கி வைத்த நூல்கண்டு அடுக்களை ஆணியில் அப்படியே தொங்குகிறது. எனக்கு ஒன்று கட்டிவிட்டார். கட்டும்போது அழுதார். வேலை இல்லை என்பதால் பதினோராம் தேதிக்குள் நான் ஊர் போய்ச் சேர டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.

நாளை ஞாயிறு. தீவனக் கம்பெனிக்காரன் கொடுத்த இந்த டயரியில் அதற்குச் சிவப்பு மை போட்டிருக்கிறது. மன்னிப்பு கேட்கிற நாள். போன வருடமும் பார்த்தேன். நோன்புக்கு முந்தின ஞாயிறு சின்னவர்கள் பெரியவர்கள் வீட்டுக்குப் போய்க் கையை முத்தமிட்டு, ‘ப்ரோஷ்தாவாய்’ என்பார்கள், மன்னித்துவிடு என்று. ‘ப்ரொஸ்தெனோ’ என்று அவர் சொல்லிவிட்டால் தீர்ந்தது, அந்த வருடக் கணக்கு முடிந்துவிடும். எதற்கு என்றுகூட விவரம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நான் சொல்லத்தான் வேண்டும்.

நாளைக் காலையில் முதல் வேலையாகப் பை மிட்கோ வீட்டுக்குப் போவேன். வேண்டிய வார்த்தைகளைப் புத்தகத்தில் தேடிக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டேன். துண்டுக்கு, வாய்ப்புண்ணுக்கு, என் வீட்டுக்கு, ஆறாம் தேதிக்கு. பன்னிரண்டு வார்த்தை. இங்கே அதைச் சேர்த்து எழுத வேண்டாம். நாளைக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 2, ஞாயிறு

எட்டு மணிக்கு முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு கதவைத் திறந்தேன். வாசலில் பை மிட்கோ நிற்கிறார்.

பலகை அடித்த வேலியைச் சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வந்திருக்கிறார். ஷேவ் பண்ணியிருந்தார். காகிதத்தில் வெள்ளை அல்வா ஒரு துண்டு, இந்த நாளுக்கு இவர்கள் தின்பது. மாவுக்கட்டு அழுக்காகி நூல் பிரிந்து தொங்குகிறது. வயதில் மூத்தவர் சின்னவன் வீடு தேடி வருவது இங்கே வழக்கமே இல்லை.

“ஸ்தோயன் கதவைத் திறக்கல” என்றார். “கீழத்தெருவுலயும் யாரும் திறக்கல. நீதான் திறந்தே.”

உள்ளே வாருங்கள் என்றேன். வரவில்லை. அல்வாவை என் கையில் வைத்தார். அப்புறம் நல்ல கையால் என் கையைப் பிடித்து, குனிந்து, என் புறங்கையில் உதட்டை வைத்தார். இருபத்து மூன்று வயது மூத்த மனுஷன்! நான் இழுக்கப் பார்த்தேன், விடவில்லை.

“உன் சுட்டியும் போச்சு, உன் பொழைப்பும் போச்சு. எல்லாம் என்னாலதான். அந்தக் கன்னு பாக்க அழகா இருந்துது நாச்கோ, அதான் வாங்கினேன். கை ஒடிஞ்சப்ப நீ மட்டும்தான் வந்து கறந்து குடுத்தே. உனக்கு நான் இப்படிப் பண்ணிட்டேன். ப்ரோஷ்தாவாய்” என்றார்.

அந்தக் காகிதம் சட்டைப் பையில்தான் இருந்தது. பன்னிரண்டு வார்த்தையும் மனப்பாடமாகத் தெரியும். வாயைத் திறந்தேன். என் விரல் இரண்டும் அவர் மணிக்கட்டில் தானாகப் போய் நின்றிருந்தன, பழக்கதோஷம். அங்கே வேகமாகத் துடித்துக்கொண்டிருந்தது. தோலுக்கு அடியில் அதே புழு. சொன்னால் என்ன ஆகும், ஸ்தோயன் முகம் எப்படி மாறும், டாக்டர் என்ன எழுதுவார், டிக்கெட் என்ன ஆகும், கோகிலாவுக்கு என்ன சொல்வது, எல்லாம் அந்த இரண்டு விரல் இடைவெளியில் ஓடியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு வார்த்தைக்காக நின்றார்.

“ப்ரொஸ்தெனோ” என்றேன்.

மன்னித்தாயிற்று.

அவர் தோள் அப்படியே இறங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீ நல்லவன், நீ நல்லவன் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

அல்வாவை என்ன செய்வது என்று தெரியவில்லை. ஜன்னலில் வைத்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

வீடு. வெயில் சுள்ளென்று அடிக்கிறது.

குளித்துவிட்டு வந்தபோது பக்கத்துக் காட்டு வள்ளியாத்தாவிடம் கோகிலா விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஃபோனில் நான் சொன்னதுதான். “அங்க எவனோ ஒருத்தன் திருட்டுக் கன்னு வாங்கியாந்து கட்டுனானாமா. அதுல ஊரு மாடு பூராத்தையும் கொன்னு புதைச்சுட்டாங்களாமா. பாவி, அவன் நல்லா இருப்பானா?” என்றாள். வள்ளியாத்தா த்சொ த்சொ என்றது.

செவலை கொழுகொழுவென்று நிற்கிறது. நொண்டல் கூடப் போய்விட்டது. என்னைக் கண்டதும் கயிற்றை இழுத்துக்கொண்டு கழுத்தை நீட்டியது. கோகிலா புதுத் துண்டு ஒன்றைத் தோளில் போட்டுவிட்டு, அந்தப் பழைய துண்டை எங்கே விட்டீர்கள் என்று கேட்டாள். தொலைந்துவிட்டது என்றேன்.

பின்பக்கமாகப் போய் வாலைத் தூக்கி, ஒரு சாண் தள்ளி, இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். நிதானமாக, நன்றாகத் துடிக்கிறது. நோய் வந்த மாடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“அப்படித்தானுங்களே? அவன் ஒருத்தனாலதானுங்களே?” என்று கோகிலா வாசலிலிருந்து கேட்டாள்.

விரலை எடுக்காமல், ஆமாம் என்றேன்.